செவிலியும் காவலும்

1

நர்ஸிங் படிக்கிறவர்களின் மனநலப் பாடப்புத்தகங்களில், யார் எழுதியதானாலும், முதல் சில அத்தியாயங்களுக்குள் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. நோயாளியை அவர் இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் செய்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்க வேண்டும். எந்த நடத்தைக்கும் ஒரு அர்த்தம் உண்டு. நேற்று ஒரு விதம், இன்று ஒரு விதம் என்றில்லாமல் ஒரே சீராக நடந்துகொள்ள வேண்டும். எதையும் அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். அவருடைய பதற்றத்தைக் கூட்டக்கூடாது. சொல்லாலோ கையாலோ பலாத்காரம் கூடாது. நோய்க்குறிகளை அடக்குவதைவிட அந்த மனிதர்மேல் கவனம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, செவிலி தன்னைத் தானே அறிந்திருக்க வேண்டும்; இந்த வேலையில் அவருடைய கருவி அவரேதான்.

பத்துப் பன்னிரண்டு வரிகள். மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். பார்க்க ஆத்திசூடி மாதிரி இருக்கின்றன. காலமோ இடமோ அற்ற நல்லுரைகள். நல்லுரைக்குச் சரித்திரம் தேவையில்லை என்பதால் இவற்றுக்கும் யாரும் சரித்திரம் சொல்வதில்லை. ஆனால் ஒருவரை அடிக்காதே என்று அச்சிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அடிப்பது வழக்கமாக இருந்த ஒரு இடமும் காலமும் இருந்திருக்க வேண்டும். புரியும்படி சொல் என்பது யாரும் எதையும் சொல்லாத ஒரு வார்டின் ஞாபகம். ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் ஒரு கட்டடமோ ஒரு சட்டமோ ஒரு சங்கிலியோ தெரியும். அப்படிப் பார்க்கும் முயற்சி இது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தப் பார்வை கீழ்ப்பாக்கத்தில் தொடங்கி ஏர்வாடியில் வந்து நிற்க நேர்கிறது.

2

வாலண்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன் 1794-ல் சென்னையில் புரசைவாக்கம் பக்கம் ஒரு பைத்தியக்கார விடுதியைத் தொடங்கினார். அது அவருடைய சொந்த நிர்வாகத்தில் இருந்தது. கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. அதாவது சென்னையில் மனநோய்க்கான முதல் ஸ்தாபனம் ஒரு குத்தகை ஏற்பாடாகப் பிறந்தது. உள்ளே இருப்பவர்களைக் காப்பதைவிட வெளியே இருப்பவர்களின் கண்ணிலிருந்து அவர்களை அகற்றுவதே கம்பெனியின் தேவையாக இருந்தது. 1857 கலகத்துக்குப் பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்குப் போன 1858-லேயே பைத்தியக்கார விடுதிகளுக்கான சட்டமும் வந்தது என்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை. தெருவில் அலைகிறவரைப் போலீஸ் பிடிக்கும். மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். டாக்டர் சான்று எழுதுவார். இந்த வரிசையில் செவிலிக்கு இடமில்லை. கதவைப் பூட்டுகிறவருக்குத்தான் இடமிருந்தது.

கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு விடுதி 1871-ல் மாறியது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் 'அசைலம்' — அடைக்கலம். ஆனால் அங்கு வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்த பெயர்கள் 'கீப்பர்', 'வார்டர்'. இரண்டாவது சொல் சிறையிலிருந்து வந்தது. சாவிக்கொத்தும் அதோடு வந்தது. இந்தியாவில் பல காப்பகங்கள் சிறைத்துறை மேற்பார்வையிலிருந்து மருத்துவத்துறையிடம் முழுதாக வந்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1912-ம் வருஷச் சட்டம் இந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் அதன் தலைப்பிலும் 'லூனசி' என்ற சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லோடு சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் நாற்பது வருஷம் நீடித்தது. 1920-களில் விடுதி 'மனநோய் ஆஸ்பத்திரி' ஆயிற்று. 1978-ல் 'மனநலக் கழகம்' ஆயிற்று. பலகை மாறியது. தமிழ்ப் பேச்சில் ஊர்ப்பெயரே வசையாகிப்போனது மட்டும் மாறவில்லை. ஒருவரைக் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சிரிக்கும்போது நம் பாஷை இன்னும் 1858-ல்தான் நிற்கிறது.

1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. இந்தியாவில் ஏறக்குறைய 40,000 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை; இங்கிலாந்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒன்று. கமிட்டிக்காக ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப்பார்த்த ராஞ்சியின் மூர் டெய்லர், அவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்கல்லாமல் அடைத்து வைப்பதற்கே ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். இதன் பிறகுதான் படித்த செவிலி என்ற கேள்வியே எழுகிறது. பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநலக் கழகம் தொடங்கி, சில வருஷங்களுக்குள் மனநோய்ச் செவிலிமைக்கான டிப்ளமோவும் வந்தது. 1965-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் இதைப் பட்டப்படிப்பின் பாடமாக்கியது. கானலியின் விடுதிக்கும் இந்தப் பாடத்துக்கும் இடையே 171 வருஷங்கள். அத்தனை காலமும் அந்த வார்டுகளில் யாரோ சோறு போட்டார்கள், குளிப்பாட்டினார்கள், அடித்தார்கள், சிலர் அடிக்காமலும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

3

பெயர் கிடைத்த ஒருவரை மேற்கில் பார்க்கலாம். பாரிஸில் பைத்தியக்காரர்களின் சங்கிலியை அறுத்தவர் பினெல் என்று படித்திருக்கிறோம். டோனி ராபேர் ஃப்ளூரி 1876-ல் வரைந்த பெரிய சித்திரத்தில் டாக்டர் பினெல் நடுவில் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார். ஒரு பெண்ணின் விலங்கு கழற்றப்படுகிறது. சரித்திரம் வேறு. பிசேத்ர் ஆஸ்பத்திரியில் ஆண்களின் சங்கிலியைக் கழற்றியவர் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸென். அது நடந்தது 1797-ல். பினெல் அதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்த இடத்தை விட்டு சால்பெத்ரியேருக்குப் போய்விட்டார். புஸ்ஸென் டாக்டர் அல்ல. தோல் பதனிடும் தொழிலாளி; கண்டமாலை நோயோடு அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்தவர்; குணமான பின் அங்கேயே வேலைக்கு இருந்து வார்டின் பொறுப்புக்கு உயர்ந்தவர். அவருடைய மனைவி மார்கெரீத்தும் கூடவே வேலை செய்தார். நோயாளியை அடிக்கும் ஊழியருக்கு அங்கு இடமில்லை என்பது புஸ்ஸெனின் விதி. குணமானவர்களையே அவர் ஊழியர்களாகவும் எடுத்துக்கொண்டார். அந்தத் துன்பம் தெரிந்தவர்கள் கை நீட்டத் தயங்குவார்கள் என்ற கணக்கு. பினெல் இதையெல்லாம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். தன் புத்தகத்தில் எழுதவும் எழுதினார். சித்திரம் வரைந்தவர்களுக்குத்தான் டாக்டர் தேவைப்பட்டார்.

பாடப்புத்தகப் பட்டியலில் பாதி புஸ்ஸெனிடமே இருக்கிறது. மீதிப் பாதிக்கு இங்கிலாந்துக்குப் போகவேண்டும். லிங்கனில் கார்டினர் ஹில் 1838-ல் கட்டுகளை முற்றாக ஒழித்தார். அடுத்த வருஷம் ஹான்வெல் என்ற பெரிய காப்பகத்தில் ஜான் கானலி — சென்னை கானலி அல்ல, வேறொருவர் — அதையே செய்தார். இதில் நமக்கு முக்கியமானது அவருடைய கருணையைவிட அவர் போட்ட கணக்கு. கட்டு இல்லாமல் நடத்த வேண்டுமானால் ஊழியர் எண்ணிக்கை கூட வேண்டும், அவர்கள் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், அதற்கேற்ற சம்பளம் வேண்டும். சங்கிலி என்பது ஆளில்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாக இருக்கும் பொருள். இரும்பு மலிவு, இரவில் விழித்திருக்கும் மனிதர் மலிவல்ல.

1882-ல் அமெரிக்காவில் மக்லீன் ஆஸ்பத்திரியில் மனநோய்ச் செவிலிகளுக்கென்று முதல் பயிற்சிப் பள்ளி வந்தது. 1885-ல் பிரிட்டனில் ஊழியர்களுக்கான கைப்புத்தகம் ஒன்று வெளியானது. இரண்டிலும் செவிலி டாக்டரின் கையாகவே கருதப்பட்டார்; அவருக்கென்று ஒரு பார்வை இருக்கமுடியும் என்று யாரும் நினைக்கவில்லை. அதைச் சொன்னவர் ஹில்டகார்ட் பெப்லாவ். செவிலிமை என்பது இரண்டு மனிதர்களுக்கிடையே நடப்பது, நோயாளி ஒரு பொருளல்ல, செவிலியும் ஒரு யந்திரமல்ல என்று நிறுவும் அவருடைய புத்தகம் 1952-ல் வந்தது. கைப்பிரதி 1948-லேயே தயார். ஒரு டாக்டரின் பெயரைக் கூடச் சேர்க்காமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் எழுதுவது அன்று ஏற்கமுடியாத காரியமாக இருந்ததால் தாமதம். உறவுக்கு ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உண்டு என்று அவர் படிகளாகப் பிரித்தார். கடைசிப் படிதான் கடினம்: நோயாளிக்கு இனி நீ தேவையில்லை என்ற நிலையை நீயே உண்டாக்கி விலகவேண்டும். காவலில் இந்தப் படி கிடையாது. விடுதலை உத்தரவு வேறெங்கிருந்தோ வரும்.

4

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. அருணாசலேசுவரரின் ஊரல்ல, தென்திருப்பதி என்று அப்பகுதியில் சொல்லும் பெருமாள் மலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் 1910 வரை திருநெல்வேலியைச் சேர்ந்தவை. 1910-லிருந்து 1985 வரை ராமநாதபுரம் ஜில்லா. அதன்பின் விருதுநகர் மாவட்டம். ஆக, முக்கால் நூற்றாண்டு மேற்குமலை அடிவாரத்து ராஜபாளையமும் கடற்கரை ஏர்வாடியும் ஒரே ஜில்லாவின் இரண்டு ஓரங்கள். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். உடலில் காயம்பட்ட யாருக்கோ எங்கேயோ இந்தத் துணி போய்ச் சேருகிறது. ஆனால் இதே ஊர்களில் ஒரு வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால், அரசின் மனநோய் ஆஸ்பத்திரி 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரி நடுவில் இருந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே கொண்டுபோனால் நோய்க்கு ஒரு பெயர் வந்துவிடும்; பெயர் வந்துவிட்டால் தங்கைக்குக் கல்யாணம் ஆகாது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போனால் அது வேண்டுதல். வேண்டுதலுக்குப் போகிறவர் நோயாளி ஆவதில்லை. குணசீலம், சோளிங்கர், ஏர்வாடி என்று ஜாதியும் மதமும் பாராமல் ஜனங்கள் போனதற்குப் பக்தி ஒரு காரணம். இது இன்னொரு காரணம்.

தவறு வேண்டுதலில் இல்லை. 2002-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். பலருக்குக் கடுமையான மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதம் குறைந்திருந்தது. அங்கே மருந்தில்லை, விசேஷச் சடங்குமில்லை. பயமுறுத்தாத, அனுசரணையான ஒரு இடமும் கூடவே இருந்த குடும்பத்தாரும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் அனுமானம். இதை மருந்து வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக்குவது அபத்தம். பாடப்புத்தகப் பட்டியலின் சில வரிகள், அந்தப் பட்டியலைப் பார்த்தேயிராத ஒரு இடத்தில் தாமாகவே நடந்துகொண்டிருந்தன என்பதற்கு ஆதாரமாக்கலாம்.

ஏர்வாடியில் நடந்தது இதற்கு நேர்மாறு. தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. கூட இருக்க முடியாத குடும்பங்கள் மாதப் பணம் கட்டி ஆளை விட்டுச் சென்றன. கானலியின் குத்தகை இருநூறு வருஷம் கழித்து ஓலைக்கூரையின் கீழ் மறுபடி வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு விடுதி தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அலறல் கேட்டும் வழக்கமான அலறல் என்று அக்கம்பக்கத்தார் நினைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நடத்தைக்கு அர்த்தம் உண்டு என்ற பாடவரி கடைசியாகப் பரீட்சிக்கப்பட்ட இடம் இது. பைத்தியக்காரரின் கத்தலுக்கு அர்த்தம் கிடையாது என்று ஒரு ஊர் பழகிப்போயிருந்தால், தீ என்று அவர் கத்தும்போதும் அதற்கு அர்த்தம் இருக்காது.

அந்த வருஷம் சட்டம் இல்லாமல் இல்லை. 1987-ம் வருஷ மனநலச் சட்டம் 1993-லிருந்து அமலில் இருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அது சொன்னது. திருச்சியில் 1997-ல் மாவட்ட மனநலத் திட்டமும் ஆரம்பமாகியிருந்தது. தீக்குப் பிறகு விடுதிகள் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. திட்டம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. ஏர்வாடியிலேயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடாயிற்று. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. 2017-ம் வருஷச் சட்டம் எந்த உருவிலும் சங்கிலியைத் தடை செய்கிறது. மயக்கமருந்து இல்லாத மின்னதிர்ச்சியைத் தடை செய்கிறது. வேறு வழியே இல்லாத உடனடி ஆபத்தில் மட்டும் கட்டுப்படுத்தலாம், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மனநலச் செவிலி யார் என்று வரையறுத்தும் சொல்கிறது. பாடப்புத்தகத்தின் நல்லுரை சட்டமாகிவிட்டது. அதற்கு விலை 28 உயிர் என்று புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தால் மாணவிகள் அதை மனப்பாடம் செய்யாமலே ஞாபகம் வைத்திருப்பார்கள்.

5

தமிழில் 'நர்ஸ்' என்பதற்குச் செவிலி என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள் அகத்திணையிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சொல்லோடு என்னவெல்லாம் வந்தது என்று யோசிக்கப்படவில்லை. தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், பேச்சுக் குறைகிறாள். முதலில் கவனிப்பவள் செவிலி, பெற்ற தாயல்ல. கவனித்ததும் என்ன செய்கிறாள்? கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள். அடுத்து வேலன் வருகிறான். ஆட்டை அறுத்து வெறியாடுகிறான். வெளியே போகக்கூடாது என்று இற்செறிப்பும் நடக்கிறது. தவறான நோய்நிர்ணயம், தவறான சிகிச்சை, அதோடு காவல்: எல்லாம் செவிலியின் அன்பிலிருந்தே வருகின்றன. இதற்கு முடிவு கட்டுவது தோழி உண்மையைச் சொல்வது. அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. அறம் என்று அங்கே சொல்லப்படுவது உள்ளே நடப்பதைச் சொல்வதும் அதைக் காதில் வாங்குவதும். தோழி செவிலியிடம் சொல்கிறாள், செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். கேட்ட பிறகுதான் அவள் காவலிலிருந்து நகர்ந்து துணையாகிறாள். இருபதாம் நூற்றாண்டில் பெப்லாவ் எழுதிய உறவின் படிகளை இதில் தேடவேண்டியதில்லை. காவலும் கவனிப்பும் ஒரே ஆளிடம் பிரியாமல் கிடக்கின்றன, கேட்பது ஒன்றுதான் அவற்றைப் பிரிக்கிறது என்பதை இந்த மரபு அறிந்திருந்தது என்பது போதும்.

நம் எழுத்து இதைத் தொடர்ந்ததா? பைத்தியம் என்பது புதுக்கவிதையில் சௌகரியமான படிமமாகிவிட்டது. சமூகத்தின் பொய்யைப் பார்த்துவிட்டவன் பைத்தியக்காரன் என்ற சமன்பாடு. லெய்ங்கையும் ஃபூக்கோவையும் பேசிய வட்டங்கள் நமக்கு இருந்தன. பினெலும் ட்யூக்கும் இரும்புச் சங்கிலியை எடுத்துவிட்டுக் குற்றவுணர்ச்சியைப் பூட்டினார்கள் என்ற ஃபூக்கோவின் குற்றச்சாட்டு கூர்மையானது. ஆனால் அந்த விவாதத்திலும் இரண்டு பாத்திரங்கள்தாம்: டாக்டரும் பைத்தியமும். புஸ்ஸென் ஓரத்தில் நிற்கிறார். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் யார் என்ற கேள்வி தத்துவத்துக்குச் சிறியதாகப் படுகிறது போலும். கோஃப்மன் 1961-ல் எழுதிய 'அசைலம்ஸ்' இதற்கு விலக்கு. வாஷிங்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே இருந்து பார்த்து எழுதியதால் வார்டு ஊழியரின் அன்றாடம் அதில் இருக்கிறது.

தமிழிலும் விலக்குகள் உண்டு. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலில் ஒருவருக்குக் குரல்கள் கேட்கின்றன; அவற்றைப் படிமமாக்காமல் குரல்களாகவே நாவல் விட்டுவைக்கிறது. கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்று தலைப்பே வைத்தார். இந்த இரண்டு புத்தகங்களையும் நர்ஸிங் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது பயனுள்ளது. குரல் கேட்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்று செவிலிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அப்படி எதுவும் இல்லை என்று வாதாடக்கூடாது. எனக்கும் கேட்கிறது என்று பொய் சொல்லவும் கூடாது. எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது என்பது தெரிகிறது, அது உங்களைப் பயமுறுத்துகிறதா என்று கேட்க வேண்டும். நல்ல விமர்சகன் ஒரு அந்நியமான கவிதையின் முன் எடுக்கவேண்டிய நிலையும் இதுதான். மறுப்பும் வேண்டாம், பாவனையும் வேண்டாம். வித்தியாசம் ஒன்று: கவிதை காத்திருக்கும், நோயாளி காத்திருக்க மாட்டார்.

சாரதா மேனன் 1961-லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குச் சூப்பரிண்டெண்டாக இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது, வீடு திரும்பியவர் பிழைப்புக்கு என்ன செய்வார் என்ற கேள்வி அவரை 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கவைத்தது. அமிர்தசரஸில் வித்யாசாகர் 1950-களில் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரைக் கூடவே தங்கவைத்தார். வேலூரிலும் அதேபோல் உறவினர் கூடவே தங்கும் முறை வந்தது. இவையெல்லாம் ஒரு தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த புத்திசாலித்தனங்கள். ஆள் போதாத தேசத்தில் உறவினரே பாதிச் செவிலி ஆனார். அதில் நன்மை இருந்தது. ஆனால் அந்தப் பாதிச் செவிலி பெரும்பாலும் ஒரு தாய், அல்லது மனைவி. அவருக்கு ட்யூட்டி முடிகிற நேரம் கிடையாது. அவர் களைத்துப்போன இடத்தில்தான் ஏர்வாடி விடுதிகளின் வாசல் திறந்தது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்குத் தக்கபடி 70-லிருந்து 92 சதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்றது. அந்த எண்ணுக்குள் அத்தனை தாய்களும் மனைவிகளும் இருக்கிறார்கள்.

பட்டியலுக்கு மறுபடி வருவோம். ஏற்றுக்கொள், கவனி, சீராக இரு, விளக்கு, அடிக்காதே. எல்லாம் ஒருமையில் விதிக்கப்பட்ட கட்டளைகள். தனி ஒரு செவிலியின் குணத்தை நோக்கிப் பேசுகின்றன. அறுபது பேர் உள்ள வார்டில் இரவு ஒரே ஒரு செவிலி இருந்தால் அவர் எவ்வளவு நல்லவரானாலும் விடிவதற்குள் வார்டர் ஆகிவிடுவார். ஹான்வெல் கானலிக்கு இது தெரிந்திருந்தது, பாடப்புத்தகத்துக்குத் தெரியவில்லை. அதனால் பட்டியலில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. இந்த வார்டில் ஒரு செவிலிக்கு எத்தனை பேர் என்று, வேலைக்குச் சேரும் முதல் நாளே கேள்.